'மோட்' என்பது மனமா, மறமா, செருக்கா?

991இல் இங்கிலாந்தில் வைக்கிங்குகளோடு நடந்த மால்டன் போரைப் பற்றிய பழைய ஆங்கிலக் கவிதையை ஒரு நண்பர் தமிழில் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறார். ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு இப்படிக் கேட்டார்: "'மோட்' என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ளம், மனம், துணிவு, கோபம், செருக்கு என்று வரிசையாகப் பொருள் போட்டிருக்கிறது. ஒரே கவிதையில் ஓரிடத்தில் குற்றமாக வருகிறது, இன்னோரிடத்தில் பெருமையாக வருகிறது. எந்தப் பொருளை எடுப்பது? இன்று நாம் 'மூட் சரியில்லை' என்கிறோமே, அந்த மூட்தானா இது?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. ஆமாம், அதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் நீண்ட 'ஓ'வாக இருந்த உயிர், பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டி நடந்த பெரிய ஒலி மாற்றத்தில் 'ஊ'வாக ஏறியது. 'ஃபோடா' என்ற உணவு 'ஃபூட்' ஆனது, 'மோனா' என்ற நிலா 'மூன்' ஆனது, 'மோட்' 'மூட்' ஆனது. ஒலி ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டது. பொருள்தான் வழியில் பாதிக்கு மேல் உதிர்ந்துபோய்விட்டது. ஆங்கில இலக்கணத்தில் ஏவல், விருப்பம் என்று வினைக்குச் சொல்லும் 'மூட்' மட்டும் வேறு. அது லத்தீன் 'மோடுஸ்' வழி வந்தது, இந்தச் சொல்லின் சாயல் பட்டு எழுத்து மாறிக்கொண்டது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

இனி பெரிய கேள்வி. அகராதி தரும் ஐந்தாறு பொருள்களையும் தனித்தனிப் பெட்டிகளாக எண்ணி, இங்கே எந்தப் பெட்டி என்று தேடினால் பிடிபடாது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் தேடினேன். அந்தக் காலத்தவருக்கு அது ஒரே பொருளாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதே இப்போது என் எண்ணம். மோட் என்பது ஆளுக்குள் இருந்து உந்துகிற ஒரு விசை. அடங்கி இருந்தால் அதை உள்ளம் என்போம், எதிரியின் முன் எழுந்தால் துணிவு என்போம், கட்டுமீறிப் போனால் கோபம், செருக்கு என்போம். நமக்குத்தான் அதற்கு நான்கு சொல் தேவைப்படுகிறது.

உறவு மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா கோத்திய மொழியில் பெயர்த்த விவிலியத்தில் இதன் உடன்பிறப்பான 'மோத்ஸ்' கோபத்தைக் குறிக்கிறது. பழைய நார்ஸ் மொழியில் 'மோத்ர்' என்றால் சீற்றம். ஜெர்மனில் 'மூட்', டச்சில் 'மூட்', சுவீடிஷில் 'மூட்' மூன்றும் இன்று துணிவு. ஜெர்மன் மொழி இந்தச் சொல்லை வைத்து ஒரு குடும்பமே வளர்த்திருக்கிறது. உயர்ந்த மூட் 'ஹோக்மூட்', அதாவது ஆணவம். பணியாளின் மனம் என்ற பழம்பொருளில் பிறந்த 'டேமூட்' பணிவு. 'லாங்மூட்' பொறுமை, 'ஸான்ஃப்ட்மூட்' சாந்தம், 'ஷ்வேர்மூட்' மனச்சோர்வு, 'ஊபர்மூட்' கட்டுக்கடங்காத உற்சாகம். ஆணவத்துக்கும் பணிவுக்கும் ஒரே அடிச்சொல் என்பதைக் கவனியுங்கள். அடிச்சொல் விசையை மட்டும் சொல்கிறது, அது எப்படிப்பட்டது என்பதை முன்னொட்டு சொல்கிறது. (வறுமைக்கான 'ஆர்மூட்' இந்தக் குடும்பத்தில் இல்லை. அதன் கடைசி அசை வெறும் விகுதி. தோற்றத்தை வைத்து அதையும் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு.)

பழைய ஆங்கிலக் கவிஞர்களும் இதைத்தான் செய்தார்கள். 'கிளாட்மோட்' மகிழ்ந்த உள்ளம், 'வேரிய்மோட்' களைத்த உள்ளம், 'இர்ரெமோட்' சினந்த உள்ளம், 'ஸ்டீத்மோட்' இறுகிய, அசையாத உள்ளம், 'ஏயாத்மோட்' பணிந்த உள்ளம். பேயோவுல்ஃப் காவியத்தில் கிரெண்டெல் என்ற அரக்கன் இருட்டில் மண்டபத்துக்குள் நுழையும்போது இர்ரெமோட் ஆக வருகிறான், அவன் கண்ணிலிருந்து தீ போன்ற அழகற்ற ஒளி வீசுகிறது.

அதே காவியத்தில் எனக்கு மிகவும் பிடித்த சான்று 'பொல்கென்மோட்' என்ற சொல். 'பொல்கென்' என்றால் வீங்கிய, பொங்கிய. மண்டபத்தில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருக்க, நாயகன் பேயோவுல்ஃப் மட்டும் கண்விழித்து அரக்கனுக்காகக் காத்திருக்கிறான். 709ஆம் அடியில் கவிஞர் அவனை பொல்கென்மோட் என்கிறார். ஆயிரம் அடி தாண்டி 1713இல் அதே சொல் ஹெரெமோட் என்ற கெட்ட மன்னனுக்கு வருகிறது. அவன் பொல்கென்மோட் ஆகித் தன்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ட தோழர்களையே வெட்டிச் சாய்க்கிறான். நாயகனுக்கும் கொடியவனுக்கும் ஒரே சொல். உள்ளே பொங்குவது இருவருக்கும் ஒன்றுதான், அது யார்மேல் பாய்கிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த மன்னனின் பெயரிலேயே மோட் இருக்கிறது. 'ஹெரெ' என்றால் படை.

இந்த விசை எங்கே இருக்கிறது என்றும் அவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். தலையில் இல்லை, மார்புக்குள். கவிதைகளில் மார்பு ஒரு பெட்டகம், ஒரு பூட்டிய அறை. 'அலைபவன்' என்று இன்று நாம் பெயரிட்டு அழைக்கும் கவிதையில், தலைவனை இழந்து குளிர்கடலில் தனியே திரியும் ஒருவன், உயர்ந்த மனிதனுக்கு அழகு தன் உள்ளப்பெட்டியை இறுகக் கட்டிவைப்பதே என்கிறான். அடுத்தாற்போல் வருகிற அடி: களைத்த மோட் விதியை எதிர்த்து நிற்காது. லெஸ்லி லாக்கெட் என்ற ஆய்வாளர் இந்தக் கவிதைகளை அலசி, கோபமோ துயரமோ வந்தால் மார்புக்குள் சூடேறுகிறது, பொங்குகிறது, இடம் போதாமல் அழுத்துகிறது, பிறகு ஆறி அடங்குகிறது என்ற ஒரே படம் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டியிருக்கிறார். மூடி போட்ட உலைப்பானை மாதிரி. இது அவர்களுக்கு வெறும் உவமை இல்லை, உடம்பு இப்படித்தான் வேலை செய்கிறது என்றே நம்பினார்கள் என்பது அவர் வாதம். 'மனசு கொதிக்குது' என்று நாள்தோறும் சொல்லும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமே இல்லை.

பானையானால் மூடி வேண்டும், கப்பலானால் சுக்கான் வேண்டும். அவர்கள் கடலோடிகள், ஆகவே இரண்டாவதையும் சொன்னார்கள். எக்ஸிடர் பேராலயத்தில் இன்றும் இருக்கும் பத்தாம் நூற்றாண்டுக் கவிதைச் சுவடியில் ஒரே கருத்து இரண்டு கவிதைகளில் வருகிறது: வலிய மோடைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அங்கே வரும் வினைச்சொல் 'ஸ்டியரான்', இன்றைய 'ஸ்டியரிங்' அதிலிருந்து வந்ததுதான். அவற்றுள் ஒரு கவிதையில் மறு மூச்சிலேயே 'புயல் அடிக்கடி கடலைக் கொந்தளிக்க வைக்கிறது' என்று வருகிறது. உள்ளமும் கடலும் அடுத்தடுத்து நிற்கின்றன, நடுவில் 'போல' என்ற சொல்கூட இல்லை. எனக்கு அந்த இரண்டு வரி போதும், மோட் என்றால் என்ன என்று புரிய.

உரைநடைக்கு வந்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. ஆல்ஃபிரட் மன்னர் (ஆட்சி 871–899) பெயரில் ரோமானியத் தத்துவ அறிஞர் போயெத்தியுஸின் லத்தீன் நூலுக்கு ஒரு மொழிபெயர்ப்பு வழங்குகிறது. சிறையில் வாடும் போயெத்தியுஸ் மூலத்தில் 'நான்' என்று பேசுகிறார். பழைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் அந்த 'நான்' இருந்த இடத்தில் 'மோட்' பேசுகிறது. மோட் அழுகிறது, கேள்வி கேட்கிறது, 'அறிவு' அதற்குப் பதில் சொல்லித் தேற்றுகிறது. இங்கே அதை வீரம் என்றோ செருக்கு என்றோ பெயர்த்தால் அபத்தமாகிவிடும். மனிதனின் உள்ளிருக்கும் முழு ஆள் அது. 'உள்ளம்' என்று போடலாம், 'நெஞ்சே' என்று நம் பாடல்களில் விளித்துப் பேசுகிறோமே, அந்த நெஞ்சு என்றும் போடலாம். ஆங்கிலத்தில் கிடைக்கும் மிகப் பழைய கவிதைகளில் ஒன்றான கேட்மனின் ஒன்பது அடிப் பாடலிலும் கடவுளின் படைப்புத் திட்டத்தை 'மோட்யெதங்க்', மோடின் எண்ணம் என்றுதான் சொல்லியிருக்கிறது. கடவுளுக்கும் மோட் உண்டு.

அப்படியானால் இது எங்கே பாவமானது? இதற்கு 'மோடிய்' என்ற பெயரடையைப் பின்தொடர வேண்டும். மோட் உடையவன் என்று பொருள், இன்றைய 'மூடி'யின் முன்னோர். சிலுவையே தன் கதையைச் சொல்வதாக அமைந்த கனவுக் கவிதை ஒன்று இத்தாலியின் வெர்செல்லி நகரச் சுவடியில் இருக்கிறது. அதில் கிறிஸ்து இழுத்துவரப்படவில்லை, இளம் வீரனாக ஓடிவந்து, பலர் பார்க்க, மோடிய் ஆகச் சிலுவைமேல் ஏறுகிறார். அதே அடிகளில் அவருக்கு ஸ்டீத்மோட் என்றும் பெயர். இதற்கு மேல் ஒரு சொல்லுக்குப் பெருமை கிடையாது. இன்னொரு சுவடியில், ஆதியாகமக் கதையைப் பாடும் கவிதையில், வீழ்ந்த சாத்தானை 'ஒவெர்மோட் உடைய மன்னன்' என்று கவிஞர் அழைக்கிறார். 'ஒவெர்' என்பது இன்றைய 'ஓவர்'தான். 'ரொம்ப ஓவரா போறான்' என்று நாம் சொல்லும் அந்த ஓவரேதான். கிறிஸ்துவிடம் இருப்பது மோட், சாத்தானிடம் இருப்பது ஓவராகப்போன மோட்.

பத்தாம் நூற்றாண்டின் முடிவில் எல்ஃப்ரிக் என்ற துறவி எழுதிய மறையுரைகளில் இன்னொரு படி இறங்குகிறது. அவர் லத்தீனில் 'சுபெர்பியா' எனப்பட்ட ஆணவப் பாவத்துக்கு 'மோடிய்னெஸ்' என்ற சொல்லை வைக்கிறார். 'ஒவெர்' தேவைப்படவில்லை, மோடிய் ஆக இருப்பதே குற்றம். மடத்தில் பணிவே முதல் நற்பண்பு, உள்ளே எழும்பும் எந்த விசையும் ஐயத்துக்குரியது. போர்க்களத்தில் அதே விசை இல்லாவிட்டால் ஆள் நிற்க முடியாது. எல்ஃப்ரிக்கும் மால்டன் வீரர்களும் ஒரே தலைமுறையினர். ஒரே தீவில், ஒரே காலத்தில், ஒரே சொல் இரண்டு பக்கம் இழுபட்டது.

இந்தப் பின்னணியோடு மால்டனுக்கு வருவோம். 991 ஆகஸ்டில் வைக்கிங் கப்பல்கள் பிளாக்வாட்டர் ஆற்றின் முகத்துவாரத்துக்குள் வந்து ஒரு சிறு தீவில் இறங்குகின்றன. கப்பம் கேட்கிறார்கள். எசெக்ஸின் தலைவர் பிருஹ்ட்நோத், நரைத்த தலையர், ஈட்டி முனையும் வாள் முனையும்தான் கப்பம் என்று பதில் அனுப்புகிறார். தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓதம் வற்றும்போது மட்டும் தெரியும் ஒடுக்கமான பாதை. அதை மூன்றே பேர் காத்துநின்று தடுக்கிறார்கள். அப்போது வைக்கிங்குகள், எங்களைக் கரைக்கு வர விடு, சமமாக மோதுவோம் என்கிறார்கள். அவர் விடுகிறார். 89, 90ஆம் அடிகள் சொல்வது இது: தலைவர் தன் ஒவெர்மோட் காரணமாக அந்தப் பகைக்கூட்டத்துக்கு மிக அதிகமாக நிலம் விட்டுக்கொடுத்தார். அவர் சாகிறார், ஒருவன் அவர் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான், வேறு சிலரும் ஓடுகிறார்கள், மற்றவர் நின்று ஒருவர்பின் ஒருவராக மடிகிறார்கள்.

அந்த ஒரு சொல்லை வைத்து அறிஞர்கள் பல பத்தாண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். நாவலாசிரியரும் பழைய ஆங்கில அறிஞருமான டோல்கீன் 1953இல் வெளியிட்ட கட்டுரையில், இது கவிஞரின் கடுமையான கண்டனம், தலைவன் தன் புகழாசைக்காகத் தன் ஆட்களின் உயிரைப் பணயம் வைத்தான் என்றார். அதை மறுத்தவர்கள், ஒவெர்மோட் என்றால் பெருந்துணிவு என்றும் கொள்ளலாம் என்றார்கள். வழி விடாவிட்டால் வைக்கிங்குகள் கப்பலேறி வேறு ஊரைக் கொள்ளையடிக்கப் போயிருப்பார்கள், அவர்களை அங்கேயே மோத வைப்பதுதான் அவர் கடமை என்றும் வாதிட்டார்கள். இந்த இரண்டாவது வாதம் போர்த்தந்திரமாகச் சரிதான், ஆனால் கவிஞர் அந்தக் காரணத்தைச் சொல்லவில்லையே. அவர் சொன்ன காரணம் ஒவெர்மோட். ஹெல்முட் க்னொய்ஸ் 1976இல் அந்தச் சொல் வருமிடங்களையெல்லாம் திரட்டி ஆராய்ந்து, செருக்கு என்ற பொருளே நிற்கிறது என்று முடித்தார். 'மிக அதிகமாக' என்ற சொல்லும் பக்கத்திலேயே இருப்பதால் நானும் அதைக் குறை என்றே படிக்கிறேன்.

ஆனால் டோல்கீனோடு முழுக்கப் போக என்னால் முடியவில்லை. காரணம் 312, 313ஆம் அடிகள். எல்லாம் முடிந்துபோன நேரத்தில் பிருஹ்ட்வோல்ட் என்ற முதிய வீரன் கேடயத்தை உயர்த்தி, ஈட்டியை அசைத்துச் சொல்கிறான். 'ஹியெ' இறுக வேண்டும், 'ஹெயொர்டெ' துணிய வேண்டும், மோட் பெரிதாக வேண்டும், நம் 'மாயென்' குறையக் குறைய. தலைவனைக் கவிழ்த்தது மோட் அளவு மீறியது. கடைசி ஆளை நிறுத்துவது மோட் இன்னும் பெருக வேண்டும் என்பது. 89ஐ எழுதிய கை 313இல் அந்தச் சொல்லை மறந்திருக்காது. கவிஞர் தெரிந்தேதான் இரண்டையும் வைத்திருக்கிறார் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அந்த இரண்டு அடியில் உள்ளத்தைச் சுற்றி நான்கு சொல் இருக்கிறது, அவற்றின் கதியையும் சொல்லிவிடுகிறேன். ஹியெ என்பது எண்ணம், உறுதி. அது ஆங்கிலத்தில் அடியோடு அழிந்துவிட்டது, ஹியூபர்ட் போன்ற பெயர்களில் மட்டும் அதன் உறவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடின் கடவுளின் இரண்டு காக்கைகளில் ஒன்றான ஹூகின் அதன் நார்ஸ் உறவு. ஹெயொர்டெ 'ஹார்ட்' ஆகப் பிழைத்தது. மாயென் என்பது உடல் வலு. தோர் கடவுளின் பிள்ளைகள் இருவர் பெயர் மோதி, மக்னி. மோடும் மாயெனும்தான் நார்ஸில் அண்ணன் தம்பியாக நிற்கின்றன.

மோடின் இடத்தைப் பிறகு மற்றவை பங்கு போட்டுக்கொண்டன. 'யெமுண்ட்' என்ற சொல் முதலில் நினைவைத்தான் குறித்தது ('ரிமைண்ட்' என்பதில் அது இன்னும் கேட்கும்). அது 'மைண்ட்' ஆகி மனம் என்ற இடத்தைப் பிடித்தது. துணிவின் இடத்துக்குப் பிரெஞ்சிலிருந்து 'கரேஜ்' வந்தது, செருக்குக்கு 'பிரைட்' நிலைத்தது. மிச்சம் விழுந்தது வந்துபோகும் மனநிலை மட்டும். அதைத்தான் நாம் 'மூட் அவுட்' என்று கடன் வாங்கியிருக்கிறோம்.

சரி, தமிழில் என்ன போடுவது? மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லைக் கவிதை முழுதும் வைத்திருக்க வேண்டும், இடத்துக்கு இடம் மாற்றினால் 89க்கும் 313க்கும் உள்ள எதிரொலி செத்துவிடும் என்பதே என் பதிலின் சாரம். 'உள்ளம்' பழந்தமிழில் ஊக்கத்தையும் குறித்தது. 'உள்ளம் உடைமை உடைமை' என்ற குறளில் அதுதான் பொருள். ஆனால் இன்றைய காதில் அது மென்மையாகிவிட்டது. 'செருக்கு' நல்ல வேட்பாளர், பாரதி 'ஞானச் செருக்கு' என்று அதை உயர்த்தியும் காட்டியிருக்கிறார். இருந்தாலும் பிருஹ்ட்வோல்டின் வாயில் 'செருக்கு பெருக வேண்டும்' என்பது பொருந்தாது.

நான் எடுப்பது 'மறம்'. வீரம், சினம், வலிமை, பகை எல்லாம் அதற்குள் இருக்கிறது, அறத்தின் எதிர்ப்பக்கம் நிற்கும்போது பாவமும் அதுதான். மோடின் போர்க்களப் பொருள் அத்தனையும் அப்படியே வந்து உட்கார்கிறது. அலைபவனுக்கும் போயெத்தியுஸுக்கும் அது உதவாது, அங்கே உள்ளம்தான். மால்டனுக்கு மட்டும் இப்படிப் பாருங்கள்.

89, 90: மறம் மிஞ்சிப்போய்த் தலைவன் பகைக்கூட்டத்துக்கு
மிக அதிகமாக நிலம் விட்டுக்கொடுத்தான்.

312, 313: மனம் இறுக வேண்டும், நெஞ்சு துணிய வேண்டும்,
மறம் பெருக வேண்டும், நம் வலு குறையக் குறைய.

'மிஞ்சிப்போய்' என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, அது 1731 லண்டன் தீயில் எரிந்துபோன அந்தச் சுவடியின் மொழியைவிடச் சற்று வீட்டு வாசனை அடிக்கிறது. 'மீறி' என்றும் வைத்துப் படித்துப் பாருங்கள். 'மறம்' இரண்டு இடத்திலும் இருக்கட்டும்.